பாதி வீடியோ

பச்சைமலை
9 ஜூலை 2025

செந்தமிழா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று துறையூரில் விளையாட்டு ஆசிரியர்களுக்குக் கூட்டம். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த டீச்சர், "இதப் பாருங்க மேடம், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்று போனை நீட்டினார். பார்த்தேன். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் நாம் ஸ்கேட் பண்ணும் நெல் களம். நசுருதீன் வெல்டிங் வைத்துச் செய்த நம் ரேம்ப். அதன் உச்சியில் லூர்துராணி அக்கா. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, ஹெல்மெட்டோடு, போர்டின் பின்முனை வாலை ஊன்றி நிற்கிறார். இறங்கும் நேரத்தில் பயந்து பின்னால் சாய்கிறார். போர்டு ஒரு பக்கம் பறக்கிறது. அவர் உட்கார்ந்தபடியே வழுக்கி வந்து தண்ணீர் டிரம்மை இடிக்கிறார். டிரம் சாய்ந்து நசுருதீன் தொப்பலாக நனைகிறான். அதற்கு ஒரு சினிமா காமெடி சத்தம். மேலே பெரிய எழுத்தில், "ஆன்ட்டிக்கு எதுக்கு இந்த வேலை?"

ஐந்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். போட்டது யார் என்று பார்த்தால் நம் 'திருச்சி களம்' பக்கம். அதை நடத்துவது என் தம்பி.

நான் சிரிக்காததைப் பார்த்து, "உங்களுக்கு காமெடி பிடிக்காதா?" என்று கேட்டார் அந்த டீச்சர்.

கூட்டம் முடிந்து பஸ் ஏறியதும் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "வியூஸ் பாத்தியா?" அதற்குப் பிறகு நான் கத்தினேன், நீ கத்தினாய், நீயே கட் செய்தாய். அதற்குள் என் பஸ் மலை ஏறிவிட்டது. இங்கே சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையில். அதில் ஊரில் பாதிப் பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் உன்னைத் திட்டினால் டீச்சர் என்ற மரியாதை போய்விடும். அதனால்தான் கடிதம். இதில் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

லூர்துராணி அக்கா எப்படி வந்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மகளைச் சேர்த்துவிட வந்தார். மகள் ஒரே மாதத்தில் சலித்துப்போய் நின்றுவிட்டாள். அம்மா நிற்கவில்லை. "எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க, கத்துக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து, தூங்காமல், தென்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவரைப் பார்த்துத்தான் இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள்.

அந்த வீடியோவை எடு. அவர் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேள். போனில் இல்லை, மெசேஜில் இல்லை. நேரில்.

தேவதர்ஷினி

*

ஸ்ரீரங்கம்
16 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தை அம்மாதான் வாங்கினாள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? கவரைப் பார்த்ததும் பதறிப்போய், "மலைல அவளுக்கு என்னடா ஆச்சு?" என்று கடைக்குப் போன் போட்டாள். ஃப்ளெக்ஸ் பேனர் அச்சாகிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு தென்னூரிலிருந்து ஓடி வந்தேன். வந்து பிரித்தால் நான்கு பக்கம் திட்டு. நல்லது.

வீடியோவை எடுத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். ஆனால் அதனால் பிரயோஜனம் இல்லை. வேறு யார் யாரோ அதைத் தூக்கித் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். ஒருவன் குத்துப்பாட்டு சேர்த்திருக்கிறான். எல்லோருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவன் மட்டும் பதில் போட்டான், சிரிக்கிற பொம்மை ஒன்றை.

இப்போது நான் கேட்கிறேன். எங்கள் வீடியோக்களில் யார்தான் விழவில்லை? நசுருதீன் மூக்கை உடைத்துக்கொண்டது இருக்கிறது. நான் கம்பியில் மாட்டிக்கொண்டு கிடந்தது இருக்கிறது, அதைப் பார்த்து நீயே எத்தனை முறை சிரித்தாய்! ஸ்கேட்டர் என்றால் விழுவான். விழுந்ததைப் போடுவது கேலி இல்லை, மரியாதை. நீதானே எங்களுக்கு இதைச் சொன்னாய்? 'ஆன்ட்டி' என்று எழுதியது தப்புதான். அது ஜோஸ்வின் எழுதியது. காலேஜ் பையன், வாயில் வருவதையெல்லாம் எழுதுவான். நான் கவனிக்காமல் போட்டுவிட்டேன்.

நீ மலையில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறாய். இங்கே ரேம்ப் பலகை மழையில் உப்பினால் மாற்றுவது யார்? புதிதாக வருகிறவனுக்கு ஹெல்மெட் தேடுவது யார்? 'பசங்க ரோட்டுல எங்க வண்டிக்குக் குறுக்க வராங்க' என்று போலீஸ்காரர் கூப்பிட்டால் போய் நிற்பது யார்? எல்லாம் நான். நீ ஒரு வெள்ளிக்கிழமை டிரான்ஸ்ஃபர் ஆர்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

இன்னும் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை லூர்துராணி அக்காவின் வீட்டுக்காரர் சூசைராஜ் மில்லுக்கு வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கிற ஆள், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. அடிப்பார் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. "என் வைஃபோட ஷூ இங்க இருக்காமே, குடுங்க" என்றார். மில்லுக்கார முருகானந்தம் ஐயாவின் சட்டப்படி, வெளியில் போட்ட செருப்பு நெல் களத்தில் ஏறக் கூடாது இல்லையா? அதனால் எல்லோருடைய ஷூவும் சாக்கு ரூமில்தானே இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முருகானந்தம் ஐயாவும் காதில் வாங்கிவிட்டார். "ஏம்பா, என் மில்லுல ஒரு பொம்பளை விழுந்தத ஊரே பாத்து சிரிக்குது, என் மில்லு பேரு சுவத்துல தெரியுது. இன்னொரு தரம் இப்படி வந்துச்சு, கேட்டப் பூட்டிருவேன்" என்றார். மற்ற மூன்று பெண்களும் வருவதில்லை. ஒருத்தி மட்டும் மெசேஜ் போட்டாள்: "எங்களையும் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? வீட்டுக்குப் போனால் சூசைராஜ் கதவைத் திறப்பார் என்று நினைக்கிறாயா?

செந்தமிழன்

*

பச்சைமலை
24 ஜூலை 2025

செந்தமிழா,

விழுந்ததைப் போடுவது மரியாதை என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறாய். பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறாய். மீதியை மறுபடி சொல்கிறேன், எரிச்சலோடு.

இதை முதலில் ஓட்டியவர்கள் கலிஃபோர்னியாவில் கடல் அலையில் சறுக்குகிறவர்கள். அலை வராத நாளில் பொழுது போகாமல் மரப்பலகைக்குச் சக்கரம் மாட்டி வெறுங்காலோடு ரோட்டில் ஓட்டினார்கள். பிறகு ஒரு பெரிய வறட்சி வந்தது. பணக்கார வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. சுவர் ஏறிக் குதித்து அதற்குள் இறங்கி ஓட்டினார்கள். வீட்டுக்காரன் துரத்தினான், போலீஸ் துரத்தியது. பின்னால் வந்தவர்கள் வீடியோ கேசட் எடுத்தார்கள். அது கை மாறிக் கை மாறிப் போயிற்று. அதில் ஒருவன் விழுவதைப் பார்த்தவன் ஒவ்வொருவனும் அதே வாரத்தில் எங்கேயோ முட்டியைத் தேய்த்துக்கொண்டவன். அவன் சிரித்தால் அந்தச் சிரிப்பில் தன் முட்டியும் சேர்ந்து வலிக்கும். மரியாதை என்று நான் சொன்னது அதை.

உன் ஐந்து லட்சம் பேரில் எத்தனை பேர் போர்டில் ஏறி நின்றிருக்கிறார்கள்? அவர்கள் பார்த்தது ஒரு ஸ்கேட்டர் விழுந்ததை இல்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் அடக்கமாக வீட்டில் இல்லாமல் போனதற்குக் கிடைத்த தண்டனையை. நசுருதீன் மூக்கு உடைந்த வீடியோவின் கீழே 'வீட்டுல சோறு ஆக்குற வேலையப் பாரு' என்று யாராவது எழுதினார்களா? லூர்துராணி அக்காவுக்கு எழுதியிருக்கிறார்கள். நான் படித்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வி. போடுவதற்கு முன் அவரைக் கேட்டாயா? இந்தக் கேள்விக்கு உன் கடிதத்தில் எங்கேயும் பதில் இல்லை. ஜோஸ்வின் எழுதினான், யாரோ குத்துப்பாட்டுப் போட்டான், போலீஸ்காரர் கூப்பிட்டார், நான் வெள்ளிக்கிழமை போய்விட்டேன். எல்லோரும் வருகிறார்கள். நீ மட்டும் வரவில்லை.

ஏதோ இங்கே நான் சுகமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. பள்ளிக்கூடத்துக்கு மேலே புதிதாகச் சிமெண்ட் ரோடு போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஆசை தாங்காமல் போர்டை எடுத்துக்கொண்டு போனேன். சரிவு நான் நினைத்ததைவிட அதிகம். வளைவில் திரும்பினால் சின்னையன் என்பவர் தலையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நடுரோட்டில் வருகிறார். அவர்மேல் மோதாமல் தப்பிக்கப் போய் வேலியில் விழுந்தேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கிவிட்டார். அப்புறம் நிதானமாகக் கேட்டார், "ஏன் டீச்சர், பஸ்ஸுக்கு அவசரமா?" அந்த ஒரு கேள்வி இப்போது ஊர் முழுக்கப் போய்விட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் நான் வேகமாக நடந்தாலே "டீச்சருக்கு பஸ்ஸுக்கு அவசரம்" என்கிறார்கள். எனக்கே இவ்வளவு எரிகிறது. இது முப்பது வீடு உள்ள ஊர். அவருக்கு எப்படி இருக்கும்?

சூசைராஜ் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நில். போ.

தேவதர்ஷினி

*

ஸ்ரீரங்கம்
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

நேற்று ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் தலை காட்ட முடியாத கூட்டம். பஸ்ஸெல்லாம் வேறு வழியில் விட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். எழுதிவிட்டால் சமாதானம் ஆகிவிடும் என்று பார்க்கிறேன்.

கதவைத் திறந்தது சூசைராஜ்தான். பனியனோடு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராணி, டைரக்டர் வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

லூர்துராணி அக்கா கை துடைத்துக்கொண்டே வந்தார். உட்காரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க மனதுக்குள் ஒரு பெரிய வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். பாதிகூட வரவில்லை. அவரே பேச ஆரம்பித்தார்.

"வார்டுல ஒரு பெரியவருக்கு டிரிப்ஸ் போட ஊசிய எடுத்துட்டுப் போறேன் தம்பி. அவரு பையன் போனை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சு, 'சிஸ்டர், இது நீங்கதானே?'ன்றான். அந்தப் பெரியவரு கையை இழுத்துக்கிட்டாரு. 'வேற நர்ஸம்மாவக் கூப்பிடுங்க, இவங்களுக்குக் கை நடுங்கும்'னுட்டாரு. பதினாறு வருஷமா ஊசி போடறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்காமப் போட்டது தப்புக்கா. யார் எழுதினதுன்னுலாம் சொல்ல மாட்டேன். போட்டது நான்" என்றேன். இதை உனக்காக எழுதவில்லை. சொன்னேன் என்பதால் எழுதுகிறேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வீடியோ முழுசா உங்ககிட்ட இருக்கா?"

"அவ்ளோதாங்க்கா எடுத்தேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் டிரம் உருண்டுச்சு, எல்லாரும் சிரிச்சோம். ஜோஸ்வின் அப்பவே எடிட் பண்ண உக்காந்துட்டான், நாங்க அவன சுத்தி நின்னு பாத்துட்டு இருந்தோம்."

"நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. உண்மையாகவே தெரியவில்லை.

"மறுபடி ஏறினேன். விழுந்தேன். மறுபடி ஏறினேன். நாலாவது தடவை விழாம நின்னுட்டேன் தம்பி. உங்க அக்கா சொல்லுவாங்கள்ல, பயம் பின்னால இழுக்கும், நீங்க முன்னால போய் விழற மாதிரி காலை அழுத்துங்கன்னு. அழுத்தினேன். சக்கரம் சத்தமே இல்லாம இறங்குச்சு. களத்தோட அந்தக் கோடி வரைக்கும் போய் நின்னேன். சந்தோஷத்துல கத்தணும்னு திரும்பிப் பாத்தா, நீங்க அத்தனை பேரும் போனுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிறீங்க. நான் விழுந்ததப் பாத்துட்டு."

சூசைராஜ் அதுவரை கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். "இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"சொன்னா நம்புவீங்களா? அஞ்சு லட்சம் பேரு பாத்தது விழுந்ததத்தானே."

சூசைராஜ் உள்ளே போனார். எனக்கு ஒரு தட்டில் சித்திரான்னம் கொண்டுவந்து வைத்தார். அக்கம்பக்கத்து வீட்டார் கொடுத்ததாம். அதைத் தின்றுவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது லூர்துராணி அக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், உனக்கும் கொஞ்சம் உறைக்கட்டும். "உங்க அக்கா மேலயும் கோவம்தான். ஒரு வார்த்த சொல்லல. அந்த ஞாயித்துக்கிழம நாங்க நாலு பேரும் கேட்ல நிக்கிறோம். வாட்ச்மேன் சொல்றாரு, டீச்சரம்மா மலைக்கு மாத்திட்டுப் போயிட்டாங்கன்னு. எங்கள போர்டுல ஏத்தி விட்டது அவங்க. விட்டுட்டுப் போறதையாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

நான் உனக்காகப் பேசவில்லை.

செந்தமிழன்

*

பச்சைமலை
12 ஆகஸ்ட் 2025

செந்தமிழா,

உறைத்தது. போதுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்டர் வந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்றிருந்தது. பாத்திரம், பாய், பெட்டி என்று அலைந்தேன். இதை எழுதும்போதே சால்ஜாப்பு மாதிரிதான் இருக்கிறது. ஒரு போன் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு பேரிடமும் 'போகிறேன்' என்று சொன்னால் யாராவது அழுதுவிடுவார்கள், நானும் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அதனால் சொல்லவில்லை. மாணவர்களிடம் தைரியத்தைப் பற்றிப் பேசுகிற ஆள் நான்.

லூர்துராணி அக்கா விழாமல் இறங்கி நின்றுவிட்டார் என்பதைப் படித்ததும் பள்ளிக்கூட வராந்தாவிலேயே சத்தம் போட்டுவிட்டேன். ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். எப்படி விளக்குவது? ரேம்பின் உச்சியில், முன்சக்கரம் அந்தரத்தில் இருக்க, வெறும் வாலை மட்டும் ஊன்றி நிற்பது என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எனக்கு அது வர எட்டு மாதம் ஆயிற்று. நம் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இன்னும் வரவில்லை. உனக்கு வந்ததா? வந்தது என்று நீ சொல்லிக்கொள்கிறாய்.

இப்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அவரை வரவழைத்து மறுபடி இறங்கச் சொல்லி, அதைப் படம் பிடித்து, உருக்கமான இசை போட்டு, 'விழுந்தவர் எழுந்தார்' என்று எழுதி விடுவாய். ஜோஸ்வின் இந்நேரம் பாட்டுத் தேடிக்கொண்டிருப்பான். செய்யாதே. அவரை உன் பாவ மன்னிப்புக்கு விளம்பரமாக ஆக்காதே. எதையும் ஏற்பாடு செய்யாதே. வரச் சொல்லாதே. வந்தால் ஷூ வைக்க இடம் இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே.

தேவதர்ஷினி

*

ஸ்ரீரங்கம்
25 ஆகஸ்ட் 2025

அக்கா,

நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. வரச் சொல்லவில்லை. ஜோஸ்வின் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தது மட்டும் உண்மை. அது எப்படி உனக்கு மலையில் தெரிகிறது?

நேற்றுக் காலை நாங்கள் போகும்போது லூர்துராணி அக்கா ஏற்கெனவே மில் கேட்டில் நின்றிருந்தார். சூசைராஜ் பைக்கில் சாய்ந்திருந்தார். கையில் அந்த ஷூ, அதே பேப்பரில். முருகானந்தம் ஐயாவும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. லூர்துராணி அக்காவே நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

ஐயா எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "போனெல்லாம் என் ஆபீஸ் மேசைல வெச்சிட்டுப் போங்க. இனிமே இதான். இஷ்டம் இருந்தா இருங்க, இல்லன்னா அப்படியே கிளம்புங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று வருடமாகத் திருச்சியில் ஸ்கேட்டிங் என்று ஒன்று இருப்பதை ஊருக்குக் காட்டியதே அந்தப் போன்தான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கூப்பிட்டால் என்று அக்காவின் போன் மட்டும் சூசைராஜ் சட்டைப் பையில்.

முதல் தடவை விழுந்தார். பலமான அடி, முழங்கை தேய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. சொல்லப்போனால் யாரும் மூச்சே விடவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அவரே எரிந்து விழுந்தார். "ஏன் எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? உங்க வேலையப் பாருங்க, ஓட்டுங்க!" நாங்கள் அவசரமாக ஓட்ட ஆரம்பித்தோம். நசுருதீன் பதற்றத்தில் என் மேல் மோதினான்.

இரண்டாவது தடவையும் விழுந்தார். சூசைராஜ் "போதும் ராணி, வா" என்றார். "நீங்க லேத்துல வேலை பாக்கும்போது நான் வந்து போதும்னு சொல்றேனா?" என்றார் அக்கா.

மூன்றாவது தடவை மேலே போய் நின்றார். வாலை ஊன்றினார். அப்போது ஜோஸ்வின் ஓரமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்தேன். ஆபீசில் வைத்தது பழைய போன். இன்னொன்று சாக்ஸுக்குள் இருந்திருக்கிறது. நான் கத்துவதற்குள் அவர் மேலிருந்தே பார்த்துவிட்டார்.

"ஜோஸ்வின், உள்ள வை."

"அக்கா, ப்ளீஸ்க்கா. இதப் போட்டா பத்து லட்சம் போகும். எல்லார் வாயையும் அடைச்சிரலாம். உங்களுக்காகத்தான்."

"எனக்காகன்னா என்னைப் பாரு. அதுக்குள்ள பாக்காத."

அவன் வைத்துவிட்டான். அவர் காலை அழுத்தினார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த வளைவில் உடம்பு முழுக்க முன்னால் போயிற்று, விழப்போகிறார் என்றே நினைத்தேன். விழவில்லை. சக்கரம் களத்தைத் தொட்டது. முழங்காலை மடக்கியபடி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, குவித்து வைத்திருந்த தார்ப்பாயைத் தாண்டி, நெல் வேகவைக்கும் அவியல் தொட்டியைத் தாண்டி, அந்தக் கோடிச் சுவர் வரைக்கும் போனார். திரும்பினார். இந்தத் தடவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கத்தினார் பார், கூரைமேல் இருந்த புறா அத்தனையும் பறந்தது.

நாங்கள் போர்டைத் தூக்கித் தரையில் தட்டினோம். வேறு எப்படிப் பாராட்டுவது? பத்துப் பன்னிரண்டு போர்டு ஒரே நேரத்தில். முருகானந்தம் ஐயா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "டேய், டேய், களம் பேந்துரும்டா! கைய தட்டுங்கடா மடப்பயலுகளா!" அப்புறம் கையைத் தட்டினோம். அவரும் தட்டினார்.

ஜோஸ்வின் சாக்கு ரூமில் போய் உட்கார்ந்து அழுதான். படம் எடுக்க முடியாத துக்கமா, 'ஆன்ட்டி' என்று எழுதிய துக்கமா, கேட்கவில்லை. லூர்துராணி அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஊருக்கு இன்னும் அந்தப் பழைய வீடியோதான் தெரியும். அது அப்படியே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று காலைகூட ஒருவன் அனுப்பி, "இது உங்க ஆளா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் நம்பப் போவதில்லை.

நானும் நேற்று மத்தியானம், எல்லோரும் போன பிறகு ஏறி நின்று பார்த்தேன். உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ. எனக்கு இதுவரை வந்ததில்லை. நேற்றும் வரவில்லை. இடுப்பு வலிக்கிறது. சிரிக்காதே.

செந்தமிழன்

*

பச்சைமலை
14 செப்டம்பர் 2025, ஞாயிறு மதியம்

செந்தமிழா,

அவசரமாக எழுதுகிறேன். உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் சொல்லவில்லை என்றால் உன்னை விடமாட்டேன்.

பத்து மணி பஸ்ஸில் இருந்து இறங்குகிறார்கள், லூர்துராணி அக்காவும் சூசைராஜும். ஒரு போர்டு, ஒரு ஹெல்மெட், ஒரு தூக்குச் சட்டி. நான் முகம்கூடக் கழுவவில்லை. வீட்டில் இருந்தது கேழ்வரகு மாவும் அரை முறுக்குப் பொட்டலமும்தான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதாக்கா?" என்றேன். வாயை விட்ட பிறகுதான் தெரிந்தது என்ன கேட்டேன் என்று.

"நீங்க சொல்லிட்டா போனீங்க?" என்றார்.

பிறகு ஒரு அரை மணி நேரம் எனக்குத் திட்டு கிடைத்தது. முழுவதையும் எழுத மாட்டேன். கடிதத்தில் மன்னிப்புக் கேட்டது பத்தாது, மூஞ்சியப் பாத்து வாங்கிக்கணும் என்றார். வாங்கிக்கொண்டேன். சூசைராஜ் அதற்குள் சின்னையனோடு மரவள்ளித் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார். புத்திசாலி மனிதர்.

திட்டி முடித்துவிட்டுத் தூக்குச் சட்டியைத் திறந்தார். மீன் குழம்பு. மலை ஏறும் பஸ்ஸில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. "அழுதா சோறு ஆறிடும்" என்றார்.

சாப்பிட்டதும் அந்தச் சிமெண்ட் ரோட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். இது ரேம்ப் இல்லை அக்கா, நிற்கவே நிற்காது, இரண்டு வளைவு, பக்கத்தில் வேலி, நானே விழுந்தேன் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "பாதி வரைக்கும்" என்கிறார். பாதியில் எப்படி நிற்பது என்று கேட்டால், "அதச் சொல்லிக் குடுக்கத்தானே நீங்க இருக்கீங்க" என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அடுத்த மாதம் நான் இறங்கி வருகிறேன், உன்னை அந்த ரேம்பில் ஏற்றாமல் விடுவதில்லை.

இதை ரோட்டோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டின் மேல்முனையில் நிற்கிறார். வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று ஓ என்று கத்துகிறார்கள். "டீச்சர், வரீங்களா இல்ல நான் இறங்கட்டுமா?" என்கிறார். இன்னும் இரண்டு வரி எழுத இருக்கிறது என்றால் கேட்பதாக இல்லை. போகிறேன்.

தேவதர்ஷினி